தோற்ற வழக்கு: வக்கீல் ரொபேர் பதேந்தேர் அமைச்சரான கதை



பிரான்சின் மூன்றாம் குடியரசை ‘வக்கீல்களின் குடியரசு’ என்று அந்த நாட்டுக்காரர்களே சொல்வார்கள். கம்பெத்தா, ஜூல் கிரெவி, வால்தெக்-ரூசோ, புவான்காரே, பிரியான் என்று பிரதமராகவும் குடியரசுத் தலைவராகவும் இருந்தவர்களில் கறுப்பு அங்கியோடு பொதுவாழ்வுக்கு வந்தவர்கள் ஏராளம். இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வக்கீலுக்குப் பேசத் தெரியும், ஊரில் நாலு பேரைத் தெரியும், பதவி போனால் மறுநாளே கோர்ட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். அந்த வரிசையை முழுக்கச் சொல்ல நான் வரவில்லை. அதற்குப் பின்னால் வந்த ஒருவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அவர் செய்தது எவ்வளவு கடினமான காரியம் என்று புரிய, முதலில் 1908க்குப் போய்விட்டு வர வேண்டும்.

அப்போது குடியரசுத் தலைவர் ஃபலியேர், ஒரு வக்கீல். நீதி அமைச்சர் அரிஸ்தீத் பிரியான், அவரும் வக்கீல். மரண தண்டனையை ஒழிக்கும் மசோதா அவையில் இருந்தது. ழான் ழோரேஸ் போன்ற பேச்சாளர் அதற்கு ஆதரவு. ஃபலியேர் பதவிக்கு வந்ததிலிருந்தே மரண தண்டனைக் கைதிகளின் கருணை மனுக்களை வரிசையாக ஏற்று வந்தார். எல்லாம் கைகூடியது போலத்தான் இருந்தது. 1907இல் பாரிஸில் ஒரு சிறுமியைக் கொன்ற சொலெய்லான் என்பவனுக்கும் ஃபலியேர் உயிர்ப்பிச்சை கொடுத்தார். ஊர் கொதித்துவிட்டது. ‘லெ பெத்தி பரிசியேன்’ நாளிதழ் வாசகர்களிடம் கருத்துக் கேட்க, சுமார் 14 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். அதில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் தண்டனை வேண்டும் என்றார்கள். 1908 டிசம்பர் 8ஆம் தேதி அவை மசோதாவை 330க்கு 201 என்று தோற்கடித்தது. அடுத்த மாதமே, வடக்கே பெத்தூன் நகரில், ஒரே காலையில் நான்கு பேரின் தலைகள் ஊர் பார்க்க வெட்டப்பட்டன.

நல்ல பேச்சாளர்கள், நல்ல வாதம், ஆட்சியில் இடம் எல்லாம் இருந்தும் ஒரு குழந்தைக் கொலை அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. 1981இல் அதே மசோதா நிறைவேறியது என்றால், அதைக் கொண்டுவந்தவர் வேறு என்ன செய்தார் என்ற கேள்விதான் இன்றைய பேச்சு.

ரொபேர் பதேந்தேர் 1928 மார்ச் 30 அன்று பாரிஸில் பிறந்தார். பெசராபியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பா சிமோன் மென்மயிர்த் தோல் வியாபாரி. பிரெஞ்சுக் குடியுரிமை அந்தப் பெற்றோருக்கு இந்தப் பிள்ளை பிறந்த ஆண்டில்தான் கிடைத்தது. போர் வந்ததும் லியோனுக்கு ஓடினார்கள். 1943 பிப்ரவரி 9ஆம் தேதி லியோனில் சேன்ட்-கத்ரீன் தெருவில் இருந்த யூத உதவி அலுவலகத்தில் கெஸ்டபோ பொறி வைத்து எண்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அவர்களில் அப்பாவும் ஒருவர். வீடு திரும்பாத அப்பாவைத் தேடிப் பதினான்கு வயதுப் பையன் அந்தக் கட்டடத்துக்கே போய், நிலைமையை உணர்ந்து தப்பி ஓடி வந்தான். சிமோன் சோபிபோர் முகாமில் கொல்லப்பட்டார். அந்தக் கைதுக்கு உத்தரவிட்டவன் பெயர் கிளவுஸ் பார்பி. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை, 1951இல் பாரிஸ் பாரில் பதிவு என்பதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஆன்ரி தொரெஸ் என்ற பெரிய கிரிமினல் வக்கீலிடம் ஜூனியராக இருந்தார். பிறகு சட்டப் பேராசிரியர். 1960களின் நடுவில் ழான்-தெனி பிரெதேனுடன் சேர்ந்து தனி அலுவலகம். பெரிய நிறுவனங்கள், சினிமாக்காரர்கள், பதிப்பாளர்கள் எல்லாம் கட்சிக்காரர்கள். வசதியான வக்கீல், நல்ல உடை, நல்ல வீடு. தெருவில் கொடி பிடித்து வளர்ந்தவர் அல்ல. மக்கள் நேரடியாக வாக்களித்து எந்தப் பதவிக்கும் அவர் வந்ததும் இல்லை. அரசியல்வாதி என்ற சொல் அவருக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

அவரைத் திருப்பிப் போட்டது கிளேர்வோ. பழைய மடாலயத்தைச் சிறையாக்கிய இடம் அது. 1971 செப்டம்பரில் குளோத் புஃபே, ரொஜே போந்தான் என்ற இரண்டு கைதிகள் சிறை மருத்துவப் பிரிவில் ஒரு நர்ஸையும் ஒரு காவலரையும் பிணையாகப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் உள்ளே பாய்ந்தபோது இரண்டு பேரும் கழுத்தறுபட்டுக் கிடந்தார்கள். பதேந்தேர் போந்தானுக்காக ஆஜரானார். 1972 ஜூனில் துருவா நகரத்தில் விசாரணை. வெளியே கூட்டம் சாவு சாவு என்று கத்திக்கொண்டிருந்தது.

இந்த வழக்கில் ஒரு விசித்திரம் உண்டு. கொன்றது போந்தானின் கை அல்ல என்று ஜூரியே ஒப்புக்கொண்டது. அதாவது, வாதத்தில் வக்கீல் ஜெயித்துவிட்டார். ஆனாலும் உடந்தை என்று சொல்லி இருவருக்கும் மரண தண்டனை. அடுத்த படி கருணை மனு. வக்கீல்கள் எலிசே மாளிகைக்குப் போய் ஜனாதிபதி பொம்பிதுவை நேரில் பார்த்து வாதாடினார்கள். பொம்பிது அதற்கு முன் பலருக்குக் கருணை காட்டியவர், அதனால் நம்பிக்கை இருந்தது. புஃபேயோ தன்னைக் கொல்லும்படி ஜனாதிபதிக்கே கடிதம் எழுதியவன், விட்டால் மறுபடி கொல்வேன் என்று. இரண்டு மனுக்களும் தள்ளுபடி ஆயின. கொல்லாதவனுக்கும் கொன்றவனுக்கும் ஒரே கத்தி.

1972 நவம்பர் 28, விடியும் முன். பாரிஸின் சாந்தே சிறை. 1939க்குப் பிறகு பிரான்சில் தலை வெட்டுவது பொதுவிடத்தில் இல்லை, சிறைச் சுவருக்குள்தான். முற்றத்தில் கில்லட்டின் நின்றது. மேலே ஒரு பெரிய கறுப்புத் துணிப் பந்தல். அறைச் சன்னல்களிலிருந்து மற்றக் கைதிகள் பார்த்துவிடக் கூடாதல்லவா, அதற்கு. ஒரு தேசம் தன் சட்டத்தை நிறைவேற்றும்போது அதற்கு மேல் போர்வை போர்த்துவானேன் என்று பதேந்தேர் பிறகு பல இடங்களில் கேட்டார். போந்தானை எழுப்பினார்கள், உடை மாற்றினார்கள், சட்டைக் காலரை வெட்டினார்கள், வழக்கப்படி சிகரெட்டும் ஒரு மிடறு கோன்யாக்கும். முதலில் போந்தான், பிறகு புஃபே. கத்தி இறங்கும் ஓசையைப் பதேந்தேர் கேட்டார். அந்த இரவைப் பற்றி மறு ஆண்டு ‘லெக்செக்யூசியோன்’ என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். வழக்குக் கட்டை மூடி வைக்க முடியாத ஒரு வக்கீல் எழுதியது அது.

அதுவரை மரண தண்டனை தப்பு என்று நினைத்த பல வக்கீல்களில் அவர் ஒருவர். அந்த முற்றத்தை விட்டு வெளியே வந்தவர், இனி எந்தக் கட்சிக்காரனின் தலையையும் விடமாட்டேன் என்று வந்தார்.

இப்போது துருவாவுக்கே திரும்புகிறோம். 1976 தொடக்கத்தில் அங்கே ஏழு வயதுப் பையன் ஒருவன் பணத்துக்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். கொன்றவன் பத்ரிக் ஆன்ரி, அந்தக் குடும்பத்துக்கு அறிமுகமானவன். முதலில் போலீஸ் பிடித்து விசாரித்து விட்டுவிட்டது. வெளியே வந்தவன் டெலிவிஷன் கேமரா முன்னால், இந்தக் காரியம் செய்தவனுக்கு மரண தண்டனைதான் சரி என்று சொன்னான். சில நாட்களில் அவனுடைய அறையில் கட்டிலுக்கு அடியில் குழந்தையின் உடல் கிடைத்தது. நாடு முழுக்க வெறுத்த மனிதன் அவன். உள்ளூர் வக்கீல்கள் வழக்கைத் தொட அஞ்சினார்கள். வழக்கறிஞர் சங்கத் தலைவர் ரொபேர் பொக்கியோன் கடமை என்று எடுத்துக்கொண்டு, பதேந்தேரைக் கூப்பிட்டார்.

நமக்கு இதுதான் முக்கியமான இடம். 1908இல் மசோதாவைக் கொன்றது ஒரு குழந்தைக் கொலை. சீர்திருத்தம் வேண்டும் என்பவர்கள் பொதுவாக என்ன செய்வார்கள்? நிரபராதி தண்டிக்கப்பட்ட வழக்கை, அல்லது பார்த்தாலே பாவமாக இருக்கும் ஓர் ஏழையின் வழக்கைத் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்துவார்கள். பதேந்தேருக்கு வாய்த்தது நேர் எதிரான வழக்கு: குற்றத்தில் சந்தேகமே இல்லை, குற்றவாளியிடம் இரக்கப்பட ஒன்றும் இல்லை, கொல்லப்பட்டது குழந்தை. அவர் அதையே ஏற்றுக்கொண்டார். இந்த ஆளின் தலையைக் காப்பாற்ற முடிந்தால், பிறகு யார் தலையை வெட்டச் சொல்லுவீர்கள்?

1977 ஜனவரியில் விசாரணை. போந்தானுக்குத் தண்டனை கொடுத்த அதே ஊர், அதே மன்றம். பதேந்தேர் ஆன்ரியைப் பற்றிப் பேசவில்லை என்று சொன்னால் மிகையாகாது. கில்லட்டினைக் கூண்டில் ஏற்றினார். நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் ஆந்திரே லுவோஃப் உட்படப் பலரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். உயிருள்ள மனிதனை இரண்டு துண்டாக வெட்டுவது என்றால் என்ன என்று ஜூரியிடம் வர்ணித்தார், பார்த்தவர் அல்லவா. பிறகு குரலைத் தாழ்த்தி ஜூரிகள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துச் சொன்ன வாதம் இது: ஒருநாள் இந்தத் தண்டனை ஒழிக்கப்படும், அன்று உங்கள் பிள்ளைகள் நீங்கள் ஒருவனைச் சாகச் சொன்னதைத் தெரிந்துகொள்வார்கள், அவர்கள் பார்வையை நீங்கள்தான் சந்திக்க வேண்டும்.

கணக்கும் தெரிந்துதான் பேசினார். அன்று அங்கே மூன்று நீதிபதிகளும் ஒன்பது ஜூரிகளும் சேர்ந்து உட்கார்ந்து பன்னிரண்டு பேராக முடிவெடுத்தார்கள். பாதகமான முடிவுக்கு எட்டு ஓட்டு தேவைப்பட்டது. அத்தனை பேரையும் மாற்ற வேண்டியதில்லை, ஐந்து பேர் தயங்கினால் போதும். மறுபக்கம் உறுதியாக நிற்பவரை விட்டுவிட்டுத் தயங்குபவரிடம் பேசு என்பது நம் வக்கீல் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். தீர்ப்பு ஆயுள் தண்டனை. வெளியே நின்ற கூட்டத்துக்கு நம்ப முடியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் போனால் கதை இனிப்பாகிவிடும். துருவா தீர்ப்பால் கில்லட்டின் நிற்கவில்லை. ஜிஸ்கார் ஜனாதிபதியாக இருந்த அதே 1977இல் இன்னும் இரண்டு தலைகள் விழுந்தன. கடைசியாக மார்செய் நகரில் செப்டம்பர் 10 அன்று. அதன் பிறகும் ஜூரிகள் மரண தண்டனை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பதேந்தேர் ஒவ்வொரு வழக்காக ஓடினார், ஆறு பேரை மீட்டார். அப்படி ஓடி ஓடித்தான் வழக்கு வழக்காக இதை முடிக்க முடியாது என்பது அவருக்கே தெளிவாகியிருக்க வேண்டும்.

அரசியல் இங்கே நுழைகிறது, 1981 ஜனாதிபதித் தேர்தலில் நின்ற மித்தெரான் வழியாக. இருவரும் நீண்ட நாள் நண்பர்கள். 1981 மார்ச் 16, தேர்தலுக்கு எட்டு வாரம் கூட இல்லை. டெலிவிஷன் பேட்டியில் மரண தண்டனை பற்றிக் கேட்டார்கள். நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் அதை ஆதரிக்கும் நாட்டில் எந்தத் தேர்தல் ஆலோசகரும் மழுப்பச் சொல்லியிருப்பார். மித்தெரான், என் மனசாட்சிப்படி நான் எதிர்ப்பவன், பெரும்பாலோர் வேறு மாதிரி நினைப்பதும் எனக்குத் தெரியும் என்று நேராகச் சொன்னார். மே 10 அன்று வென்றார். அந்தப் பதில்தான் பிறகு மசோதாவுக்கு முதுகெலும்பு. மக்களை ஏமாற்றிக் கொண்டுவந்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியவில்லையே.

அந்த மித்தெரானின் பழைய கணக்கையும் இங்கே வைத்துவிட வேண்டும். 1956-57இல் அல்ஜீரியப் போரின்போது நீதி அமைச்சராக இருந்தவர் அவர். அவர் காலத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட அல்ஜீரிய விடுதலைப் போராளிகளின் தலை வெட்டப்பட்டது. ஃபெர்னான் இவெதோன் என்ற தொழிலாளி வைத்த குண்டு வெடிக்கவே இல்லை, யாரும் சாகவில்லை, 1957 பிப்ரவரியில் அவரும் கில்லட்டினுக்குப் போனார். பதேந்தேர் கடைசி வரை மித்தெரானை விட்டுக்கொடுக்கவில்லை. 1992இல் பாரிஸ் யூதர் கைது நினைவு நாளில் கூட்டம் மித்தெரானை நோக்கிக் கூச்சலிட்டபோது, செத்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இப்படிச் செய்து என்னைத் தலைகுனிய வைத்தீர்கள் என்ற பொருளில் மேடையிலிருந்தே சீறினார். நட்பு பெரிதுதான். ஆனால் அல்ஜீரியா விஷயத்தில் அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1981 ஜூன் 23 அன்று பதேந்தேர் நீதி அமைச்சர் ஆனார். செப்டம்பர் 17 அன்று தேசிய அவையில் எழுந்து, குடியரசின் அரசாங்கத்தின் பெயரால் மரண தண்டனை ஒழிப்பைக் கோருகிறேன் என்று தொடங்கினார். அந்த உரையைப் படித்தால் அமைச்சர் உரையாகவே தெரியாது. சாட்சியங்களை அடுக்குகிறார், ழோரேஸையும் பிரியானையும் கூப்பிடுகிறார், மேற்கு ஐரோப்பாவில் கடைசியாக நிற்கிறோமே என்று அவையின் தன்மானத்தைத் தொடுகிறார். நாளை முதல் விடியற்காலையில் கறுப்புப் பந்தலுக்கு அடியில் ஒளித்துச் செய்யும் கொலைகள் இருக்காது என்று முடிக்கிறார். மசோதாவின் முதல் விதி ஒரே வரி. இன்ன குற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற பேரத்துக்கு அவர் இடமே கொடுக்கவில்லை. மறுநாள் வாக்கெடுப்பு: 363க்கு 117. எதிர்க்கட்சியிலிருந்து ழாக் சிராக்கும் ஃபிலிப் செகேனும் ஆதரித்தார்கள்.

இன்னும் செனட் இருந்தது. அங்கே வலதுசாரிகளுக்குத்தான் பெரும்பான்மை. இரண்டு அவைகளின் வாக்கெடுப்புகளுக்கும் இடையில், செப்டம்பர் 28 அன்று, கோல்மார் நகர ஜூரி இன்னொருவருக்கு மரண தண்டனை விதித்தது! நாடு எந்த மனநிலையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 30 அன்று செனட் ஒரு திருத்தமும் இல்லாமல் மசோதாவை ஏற்றது. அக்டோபர் 9 அன்று சட்டமானது.

பதவியில் அவர் செய்த மற்றவற்றைச் சொன்னால் நேரம் போதாது. அரசுப் பாதுகாப்பு நீதிமன்றம் என்ற தனி மன்றத்தை ஒழித்தார். தன்பாலினத்தவர் உறவுக்கு இருந்த பாரபட்சமான குற்றப் பிரிவை 1982இல் நீக்கவைத்தார். பிரெஞ்சுக் குடிமக்கள் நேரே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போக வழி திறந்தார். மோட்டார் விபத்து நஷ்டஈடு வழக்கு நடத்துகிறவர்களுக்குப் பிடிக்கும் செய்தி: பாதசாரியின் சாதாரணக் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்ற 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை இன்றும் அங்கே ‘பதேந்தேர் சட்டம்’ என்றே சொல்கிறார்கள். சிறையில் உறவினரைப் பார்க்கும் இடத்திலிருந்த கண்ணாடித் தடுப்பை எடுத்தார், கைதிகளின் அறையில் டெலிவிஷன் வைக்க விட்டார். சிறையை ஓட்டலாக்கிவிட்டார் என்று ஏளனம் செய்தார்கள். பாரிஸில் இரண்டு போலீஸார் சுட்டுக் கொல்லப்பட்டதும், 1983 ஜூனில் போலீஸ்காரர்களே ஊர்வலமாக வந்து நீதி அமைச்சகத்தின் சன்னல்களுக்குக் கீழே நின்று அவரைக் கொலைகாரன் என்று கோஷமிட்டார்கள்.

அதே 1983 பிப்ரவரியில்தான் பொலிவியாவிலிருந்து கிளவுஸ் பார்பி பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டான். தன் அப்பாவைச் சாவுக்கு அனுப்பியவன் விலங்கோடு வருகிறான், தான் நீதி அமைச்சர். பதேந்தேர் அவனை முதலில் லியோனின் மோன்லூக் சிறையில் அடைக்கச் செய்தார், பார்பி தன் கைதிகளை அடைத்து வைத்த அதே சிறையில் சில நாட்கள். அவ்வளவுதான் அவர் தனக்கு அனுமதித்துக்கொண்டது. வரலாற்று முக்கியத்துவம் உள்ள விசாரணைகளைப் படம் பிடிக்க 1985இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார், முதலில் படமானது பார்பி விசாரணை. 1987 ஜூலையில் தீர்ப்பு வந்தது. குற்றச்சாட்டுகளில் சேன்ட்-கத்ரீன் தெருக் கைதும் ஒன்று. தண்டனை ஆயுள் சிறை. மரண தண்டனை அப்போது சட்டத்தில் இல்லை, இல்லாமல் செய்தவர் இவர். பார்பி 1991இல் சிறையில் நோயால் செத்தான்.

மீட்ட தலைகள் எல்லாம் பிறகு என்ன ஆயின என்று கேட்பீர்கள். பத்ரிக் ஆன்ரி 2001இல் நிபந்தனையோடு வெளியே வந்தான், அடுத்த ஆண்டே கஞ்சாவோடு பிடிபட்டு உள்ளே போனான். பதேந்தேரின் எதிரிகளுக்கு அது விருந்து. 1981 மே மாதம் மித்தெரான் பதவியேற்றதும் உயிர்ப்பிச்சை கொடுத்த பிலிப் மொரீஸ், போலீஸ்காரரைக் கொன்றவர், சிறையிலேயே படித்து முனைவர் பட்டம் வாங்கி இடைக்கால வரலாற்றாய்வாளர் ஆனார். இரண்டாவது ஆளைக் காட்டி வாதாடினால் முதல் ஆளுக்கு என்ன பதில்? ஆள் திருந்துவான் என்பதை நம்பி அந்தச் சட்டம் நிற்கவில்லை. அரசுக்குக் கொல்லும் உரிமை இல்லை என்பதில்தான் நிற்கிறது. துருவாவில் மோசமான வழக்கை ஏற்றதன் பலன் இங்கேதான் தெரிகிறது.

வக்கீல் புத்தி என்று நான் சொல்வது கடைசியில் இருக்கிறது. தீர்ப்பு வாங்கினால் போதாது, எதிராளி அதை உடைக்க முடியாதபடி செய்ய வேண்டும். சாதாரணச் சட்டத்தை அடுத்த பெரும்பான்மை ஒரு மதியத்தில் திருப்பிவிடலாம். 1986 மார்ச்சில் தேர்தல், வலதுசாரிகள் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மரண தண்டனையைத் தடை செய்யும் ஐரோப்பிய உடன்படிக்கையின் ஆறாவது நெறிமுறையில் பிரான்ஸ் 1983இல் கையெழுத்திட்டிருந்தது. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால் அதை ஒப்புறுதி செய்து முடித்தார்கள். உடனே பதேந்தேர் அமைச்சர் பதவியை விட்டு அரசியலமைப்பு மன்றத்தின் தலைவராகப் போய் 1995 வரை இருந்தார், பிறகு 2011 வரை செனட்டர். இனிக் கில்லட்டினைத் திரும்பக் கொண்டுவர, உள்நாட்டுச் சட்டத்தை மாற்றினால் போதாது, ஐரோப்பாவுக்குக் கொடுத்த வாக்கையும் முறிக்க வேண்டும். 2007 பிப்ரவரி 19 அன்று வெர்சாய் மாளிகையில் இரு அவைகளும் கூடி, யாருக்கும் மரண தண்டனை விதிக்க முடியாது என்பதை அரசியலமைப்பிலேயே எழுதின: 828க்கு 26. ஜனாதிபதி, 1981இல் ஆதரித்து வாக்களித்த அதே சிராக்.

பதேந்தேர் 2024 பிப்ரவரி 9 அன்று, தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். அப்பா பிடிபட்ட அதே தேதி. 2025 அக்டோபர் 9 அன்று அவரை நாட்டின் பெரியோர் நினைவிடமான பாந்தியோனில் சேர்த்துக் கௌரவித்தார்கள். அதே நாளில் பாஞ்யூ கல்லறையில் அவர் சமாதியில் யாரோ வசை எழுதியிருந்தது தெரியவந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியும் கோபம் தீராதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோபத்தைச் சட்டமாக்க வழி குறுகிவிட்டது. 2012 ஜனாதிபதித் தேர்தலில் தீவிர வலதுசாரி வேட்பாளர் மரீன் லெ பென் மரண தண்டனை பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக வாக்குக் கொடுத்தார். 2017 அறிக்கையில் அது இல்லை. அந்த இடத்தில், வெளியே வரவே முடியாத ஆயுள் சிறை கேட்டிருந்தார்.